மூன்று எண்ணிக்கை தாவும் இடம்

பத்திரிகையில் நான் வேலை பார்த்த காலத்தில், திருத்தம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும். பெயருக்கு முன்னால் போட வேண்டிய பட்டத்தை விட்டுவிட்டீர்கள் என்பது ஒன்று. நீங்கள் காலமானதாகப் போட்டவர் என் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது இன்னொன்று. பேராவூரணியிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலையில் வந்த அழைப்பு இரண்டிலும் சேரவில்லை.

“ஞாயித்துக்கெழம இணைப்புல அந்த நாதஸ்வரப் படத்தைப் பத்தி எழுதுனது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“அதுல, தாளக்காரர் தாளம் தப்புற இடம்னு ஒரு வரி வருது. அவரு தப்பல. திருத்தம் போடுங்க.”

“நீங்க யாரு பேசறதுங்க?”

“அந்தத் தாளக்காரரோட சம்சாரம்.”

திருத்தம் போட ஆதாரம் வேண்டும் என்று சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான்.

“நான்தான் ஆதாரம். முப்பது வருஷத்துக்கு மேல குடித்தனம் பண்றேன். குக்கர் விசிலைக்கூட விரல் விட்டு எண்ணுற மனுஷன் அவரு. அவரா தப்புவாரு?”

அது ஆதாரம் ஆகாது என்றேன். “அப்ப நீங்க மட்டும் எந்த ஆதாரத்துல தப்புனாருன்னு எழுதுனீங்க?” என்று கேட்டார். படத்தில் தெரிகிறதே என்றேன். “படம் வெட்டுப்பட்டிருக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பேச்சு ஆரம்பித்தபோது சார் போட வேண்டிய இடத்தில் எதுவும் போடாமல் பேசியவர், முடிக்கும்போது தம்பி ஆக்கியிருந்தார்.

அந்தப் படத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் மூன்று நாள் நடந்த நாதஸ்வர விழாவை, நாற்பது ஆண்டுகளுக்கும் முன்னால், வடக்கிலிருந்து வந்த ஒரு குழு கறுப்பு வெள்ளையில் பிடித்தது. ஓடும் நேரம் அறுபத்தெட்டு நிமிடம். விளக்கக் குரல் கிடையாது. வாசிப்பவர் யார் என்று எழுத்துகூடப் போடமாட்டார்கள். கேமரா பந்தலுக்குள் நுழைந்து, வாசிக்கிறவர்களையும் கேட்கிறவர்களையும் ஒரே மரியாதையோடு பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும். அவ்வளவுதான் படம். அதை நூறு தடவைக்கு மேல் பார்த்தவர்கள் எங்கள் ஜில்லாவில் இருக்கிறார்கள். முதலில் வீடியோ கேசட், பிறகு சிடி, பிறகு கைபேசி. குறுவை நடவுக்கு ஆள் விட்டுவிட்டு, வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து, இருபத்து மூன்றாம் நிமிடத்துக் கல்யாணி ராகத்தைப் போட்டுக் கேட்கிற ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

இவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். ஆடி மாதத்தில்தான். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். சங்கம், தலைவர், ரசீது எதுவும் கிடையாது. கும்பகோணம் சாலையில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் தகவல் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இடைப்பட்ட நேரத்தில் படத்தை இரண்டாவது தடவை போடுவார்கள்.

நான் முதல் தடவை செய்திக்காகத்தான் போனேன். குறிப்பேட்டில் முதல் பக்கம் ஒழுங்காக இருக்கிறது: வந்தவர்கள் சுமார் நூற்றைம்பது, பெண்கள் நாற்பது, ஆளுக்கொரு பாய் அல்லது நாற்காலி. இரண்டாம் பக்கத்திலிருந்து கையெழுத்து கோணலாகப் போகிறது. ஏனென்றால் இவர்கள் படம் பார்ப்பதில்லை, படத்தோடு சேர்ந்து விழாவை நடத்துகிறார்கள். படத்தில் நாய் ஒன்று பந்தலுக்குள் வரும். அதற்கு நான்கு விநாடி முன்பே மண்டபம் முழுக்க “வா, வா” என்று கூப்பிடும். ஒரு மாமி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவார். அவர் தலை சாயும் கணத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்வார்கள். மைக்கில் ஒருவர், சாவிக் கொத்து ஒன்று கிடைத்திருப்பதாகவும் உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவிப்பார். உடனே அவரவர் சாவியை எடுத்துத் தலைக்கு மேலே குலுக்குவார்கள். வீட்டுச் சாவி, பைக் சாவி, டிராக்டர் சாவி, ஒரு பெரிய மனிதர் பாங்கு லாக்கர் சாவியையே குலுக்கினார். மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: ‘நானும் குலுக்கினேன்.’

இதற்கெல்லாம் மேலே ஓர் இடம் இருந்தது. ஐம்பத்தோராம் நிமிடம், தவில் மட்டும் வாசிக்கிற தனி. ஆதி தாளம். கையில் தாளம் போடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மறுபடி முதல் தட்டு விழும் இடம்தான் சமம். படத்தில் இளைஞர் ஒருவர் வித்வான்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். நடு விரல் எண்ணி முடித்ததும் திடீரென்று கடைசி வீச்சு வந்துவிடும். நடுவில் மூன்று எண்ணிக்கை காணாமல் போயிருக்கும். அடுத்த கணம் அந்த இளைஞரின் முகம் பெரிதாகத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். தவில்காரர் மட்டும் கலங்காமல் புதுச் சமத்தில் அடித்துக்கொண்டு போவார்.

இதிலிருந்து ரசிகர்கள் ஒரு கதை கட்டியிருந்தார்கள். தாளக்காரப் பையன் மூன்று எண்ணிக்கை விட்டுவிட்டான், நாக்கைக் கடித்துக்கொண்டான், தவில்காரர் மேதை என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்துக்கொண்டு தனியைக் காப்பாற்றினார். அந்த மேதைமைக்கு மரியாதை செய்யும் விதமாக, எல்லோரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நடு விரலிலிருந்து கடைசி வீச்சுக்கு ஒரே சமயத்தில் தாவி, “சபாஷ்” என்பார்கள். நூற்றைம்பது கைகள் ஒன்றாகத் தாவுவதைப் பார்க்க, வயலில் கொக்குக் கூட்டம் எழும்புவது போல் இருக்கும். அதைத்தான் நான் ஞாயிறு இணைப்பில் எழுதினேன். தாளம் தப்புகிற இடம் என்று எழுதினேன்.

தொலைபேசியில் பேசிய அம்மாவை மறுவருஷம் மண்டபத்தில் பார்த்தேன். பேராவூரணி பஸ்ஸில் வந்து, மூன்றாம் வரிசையில், இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் படத்தில் உள்ள அதே இளைஞர், இப்போது நரைத்த தலையோடு. மாமனார் வழியில் வந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தாளத்தை விட்டு ரொம்பக் காலம் ஆகிறது. நாய்க்கு வா வா சொன்னார், சாவி குலுக்கினார், எல்லாவற்றிலும் கலந்துகொண்டார். ஐம்பத்தோராம் நிமிடம் வந்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் எல்லோரையும் போலத் தாவினார், சபாஷ் என்று சத்தமாகவே சொன்னார். உரக்கடைக்காரர் திரும்பி, “அண்ணே, அன்னிக்கு விட்ட மூணு எண்ணிக்கை எங்கே போச்சுன்னு தேடினீங்களா?” என்றார். வருஷா வருஷம் கேட்பதாம். அவரும் வருஷா வருஷம், “தோப்புல எங்கேயோதான் கெடக்கும்” என்பாராம்.

அவர் மனைவி தாவவில்லை. நடு விரலுக்குப் பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று விட்ட மூன்றையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போனார். மண்டபம் சமத்தில் விழுந்து மூன்று எண்ணிக்கை கழித்து, அவர் கை ஒன்று மட்டும் தனியாக விழுந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. தனி முடியும் வரை நாலு நிமிடம், எல்லோரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பின்வரிசையில் சிரிப்பார்கள். அவர் திரும்பியே பார்க்கமாட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“கல்யாணம் ஆன புதுசுல எங்க அக்கா வீட்டுக்காரரு இவரை என்னான்னு கூப்பிடுவாருன்னு தெரியுமா? மூணு கொறச்சல் மாப்ளன்னு. பந்தில இவருக்கு மட்டும் மூணு அப்பளம் கொறச்சு வைக்கச் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. இவரும் சிரிப்பாரு. அதான் எனக்கு ஆத்திரம்.”

கணவர் பக்கத்து இலையிலிருந்து, “அப்பளம் உடம்புக்கு ஆகாதுடி” என்றார்.

“நீங்க பேசாதீங்க. படம் வந்த வருஷமே தாளத்தைக் கட்டிப் பரண்ல போட்டுட்டீங்க.”

“தோப்பைப் பாக்க ஆளில்லாம வந்தேன்.”

“அப்படின்னு இவரு சொல்றாரு” என்றார் என்னைப் பார்த்து.

நான் அவரிடமே நேராகக் கேட்டேன், அன்று தப்பினீர்களா இல்லையா என்று. அவர் ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு யோசித்தார். “நெசமாச் சொல்றேன், ஞாபகம் இல்ல. முதல்ல தப்பலேன்னுதான் நெனச்சேன். இத்தனை தடவை பாத்த பெறகு, தப்பிட்டேன்னுதான் தோணுது.” மனைவி இலையிலிருந்த கையை எடுத்துவிட்டார். அந்த வருஷம் அவர் பாயசம் சாப்பிடவில்லை.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சென்ற ஆண்டு ஆனியில் உரக்கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் யூரியா வந்திறங்கிய மகிழ்ச்சி. படம் எடுத்தவரின் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது மூல நெகடிவ் டப்பாக்கள் கிடைத்தனவாம். பழைய படங்களைச் சுத்தம் செய்கிற ஓரிடத்தில் கொடுத்துப் புதிதாகப் பிரதி எடுத்திருக்கிறார்களாம். அங்கே வேலை பார்க்கிற பெண் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கே வருகிறாராம். “நாய்க்கு வெள்ளைப் புள்ளி இருக்குங்க சார். இத்தனை நாளா நமக்குத் தெரியாமப் போச்சே” என்றார்.

நான் பேராவூரணிக்குப் பேசினேன். அந்த அம்மாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப தெரிஞ்சிரும்” என்றார்.

“தெரிஞ்சிரும்.”

“தம்பி, ஒருவேளை அவரு நெசமாவே விட்டிருந்தாருன்னா?”

இத்தனை ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து அந்தச் சந்தேகம் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மூலத்தில் வெட்டு இல்லையென்றால், அவர் கணவர் விட்டது விட்டதுதான். இனி படம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லக்கூட வழி இருக்காது.

“வராம இருந்துடலாம்னு பாக்குறீங்களா?” என்று கேட்டேன்.

“அதெப்படி? நான் வரலேன்னா அவுங்க எல்லாம் சேந்து தாவுவாங்க. நேரா எண்ண ஒரு ஆள் வேணாமா?”

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருநூறைத் தாண்டியது. வாய்க்காலில் தண்ணீர் முழுக்கப் போய்க்கொண்டிருந்த வாரம். பாதிப் பேர் கால் நகத்தில் சேற்றோடு வந்திருந்தார்கள். திருவாரூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒருவர், படத்தில் வருகிறவர்களின் கைகளை மட்டுமே பார்ப்பவர், முதல் வரிசையில் இடம் பிடிக்க எட்டு மணிக்கே வந்துவிட்டார். உரக்கடைக்காரர் புது வேட்டி கட்டியிருந்தார். பிரதியோடு வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மணமேடையில் மடிக்கணினியை வைத்து, ஒயர் இழுத்து, “சுத்தம் பண்ணியிருக்கோம். சில இடங்கள்ல நீங்க பார்க்காத சில விநாடிகள் கூடுதலா இருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. நாய் எப்போது வரும் என்பதில்தான் எல்லோருக்கும் கவனம்.

பேராவூரணி அம்மா தன் வழக்கமான மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணவர் உட்காரவில்லை. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். தேங்காய் லோடு ஏற்ற வந்த லாரி தோப்பு வழியில் மாட்டிக்கொண்டதாம்.

படம் ஓடியது. அதன் தெளிவைப் பற்றி எழுதினால் மிகையாகத் தெரியும், எழுதத்தான் வேண்டும். பந்தல் கீற்றின் ஓலை ஓலையாகத் தெரிந்தது. நாதஸ்வரத்தின் சீவாளியில் கட்டிய நூலின் முடிச்சு தெரிந்தது. நாய்க்கு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதற்கே கைதட்டல். தூங்குகிற மாமி தூங்கவே இல்லை, கண்ணில் நீர் வழிய அழுதுகொண்டிருக்கிறார் என்பது தெரிந்தபோது, தோளில் சாயத் தயாராக இருந்த இருநூறு பேரும் பாதிச் சாய்வில் நின்றார்கள். ஒருவர், “அடப்பாவிகளா, இத்தனை வருஷமா அந்த அம்மாவைக் கேலி பண்ணிருக்கமே” என்றார். சாவி அறிவிப்புக்கு, அந்தக் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துக் குலுக்கினார்கள்.

ஐம்பத்தோராம் நிமிடம். தவில் தனி. இருநூறு தொடைகளில் தாளம். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மண்டபம் மொத்தமும் கடைசி வீச்சுக்குத் தாவி, “சபாஷ்” என்றது.

திரையில் யாரும் தாவவில்லை.

தாளக்கார இளைஞர் ஐந்தாவது எண்ணிக்கையில் நிதானமாகத் தட்டினார். அவர் தோளுக்கு மேலாக, பின்னாலிருந்து ஒரு கை, காபி டம்ளரோடு வந்தது. ஆறு. டம்ளர் அவர் தோளில் இடித்துச் சாய்ந்தது. காபி அவர் மடியில் கொட்டியது, ஆவி எழும்பியது தெரிந்தது. ஏழு. கேமரா அவர் முகத்துக்குப் போயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டார். எட்டு. கைகள் நின்ற இடத்தில் நின்று தட்டிக்கொண்டே இருந்தன. தவில் சமத்தில் வந்து விழுந்தபோது எங்கள் மண்டபம் நடு விரலில் இருந்தது. சமத்தில் சரியாக விழுந்த கை மூன்றாம் வரிசை இடது ஓரத்தில் ஒன்றே ஒன்று.

முப்பது வருஷத் தாவல் பழகிய கைகள் எங்கே நிற்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. சிலர் மறுபடி எண்ணிப் பிடிக்கப் பார்த்தார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துப் போட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் இவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு ரசிகர்களும் தாளம் தப்பியிருந்தோம், திருவாரூர் வேன் உட்பட. உரக்கடைக்காரர் எழுந்து, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று மேடையைப் பார்த்துக் கத்தினார்.

“நிறுத்தக் கூடாது” என்றார் பேராவூரணி அம்மா. குரலை உயர்த்தவில்லை. “தனி முடியட்டும்.”

நாலு நிமிடம். அவர் கையும் தவிலும் சுற்றுக்குச் சுற்று ஒன்றாக விழுந்தன. பின்வரிசைக்காரர்கள் திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தார்கள். கடைசிக் கோர்வை மூன்று தடவை வந்து, முடிவில் அவர் கை தொடையில் விழுந்தபோது மண்டபம் எழுந்து நின்றது. விசில் அடித்தவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். யாரோ துண்டை மேலே வீசினார்கள், அது மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுற்றியது. பிரதியோடு வந்த பெண்தான் விளக்கினார்: ஆரம்பத்தில் ஊர் ஊராகக் காட்டிய பிரதி ஓரிடத்தில் அறுந்திருக்கிறது, காட்டியவர் கிழிந்த துண்டை வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறார், கேசட்டும் சிடியும் எல்லாமே அந்தப் பிரதியிலிருந்து வந்தவை. மூன்று விநாடி. அவர் பேசி முடிக்கும் வரை யாரும் காத்திருக்கவில்லை. “மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க.”

இரண்டாம் தடவை போட்டபோது காபி டம்ளர் வந்த கைதான் எல்லோருக்கும் பிரச்சினையாயிற்று. முழங்கை வரைதான் தெரிகிறது. மடித்துவிட்ட வெள்ளைச் சட்டைக் கை.

“அது எவன் கை?”

“அன்னிக்குப் பரிமாறுனது நம்ம தெருப் பசங்கதானே. நீங்ககூட இருந்தீங்களே” என்று ஒருவர் உரக்கடைக்காரரைப் பார்த்தார்.

“நான் இலை போட்டேன்” என்றார் உரக்கடைக்காரர். “காபி எனக்குச் சம்பந்தம் இல்ல.”

சிலை வார்ப்பவர் திரைக்கு அருகே போய், படத்தை நிறுத்தச் சொல்லி, கட்டை விரல் இருக்கும் பக்கத்தைக் கவனமாகப் பார்த்தார். “எடது கைங்க. எடது கையில டம்ளர் நீட்டுற ஆளு.”

உரக்கடைக்காரர் எந்தக் கையால் பில் எழுதுவார் என்று மண்டபத்தில் குறைந்தது நாற்பது பேர் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். அவர் இடது கையைப் புது வேட்டியின் மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். “ஊர்ல எடது கைக்காரன் நான் ஒருத்தன்தானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது இன்றுவரை முடிவாகவில்லை. நான் விசாரித்தவரை அந்தத் தெருவில் அப்போது இடது கைக்காரர்கள் மூன்று பேர்.

திருத்தத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூச்சலுக்கு நடுவில் அந்த அம்மா என்னிடம் வந்து, “இப்ப ஆதாரம் போதுமா தம்பி?” என்று கேட்டார். போதும் என்றேன். அன்று மாலையே பழைய அலுவலகத்துக்குப் பேசினேன். ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் இளைஞர் நல்லவர், ஆனால் பொறுமையானவர் அல்ல. “சார், எந்த வருஷத்துச் செய்திக்கு?” என்று இரண்டு தடவை கேட்டார். மறுவாரம் ஞாயிறு இணைப்பில் நாலு வரி வந்தது. தாளக்காரர் தாளம் தப்பவில்லை, தவறுக்கு வருந்துகிறோம். அந்த அம்மா படித்துவிட்டு, ‘சூடான காபி கொட்டியும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம் என்றார்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். தாளக்காரர் உள்ளே வந்தது அப்போதுதான். “லோடு கெளம்பிருச்சு” என்றார் பொதுவாக. இருநூறு பேர் எழுந்து தன்னைப் பார்த்துக் கைதட்டுவது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. லாரி கிளம்பியதற்கு இவ்வளவு சந்தோஷமா என்பது போல் சுற்றிப் பார்த்தார்.

“இங்க வந்து உக்காருங்க” என்றார் மனைவி.

மூன்றாம் தடவையாக அந்த இடத்தைப் போட்டார்கள். டம்ளர் வந்தது, சாய்ந்தது, கொட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தானாகவே போய்த் தொடையைத் தடவியது.

“ஆமா. சுட்டுச்சு” என்றார்.

“என்ன சுட்டுச்சு?”

“காபிதான். வேட்டியோட ஒட்டிக்கிச்சு. ராத்திரி எங்க அம்மா தேங்கா எண்ணெய் தடவுனாங்க.”

“இத இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“தாளம் தப்புனியான்னுதான் எல்லாரும் கேட்டீங்க. காபி கொட்டுச்சான்னு யாரும் கேக்கலியே.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையில், ஜெயித்தவரின் சந்தோஷமும் இப்போதே எழுந்து பேராவூரணி பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்ற கோபமும் சம அளவில் இருந்தன. சந்தோஷம்தான் மிஞ்சியது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதை நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

உரக்கடைக்காரர் நாற்காலிகளுக்கு நடுவே வந்து, தாளக்காரர் முன்னால் நின்றார். “அண்ணே, வருஷா வருஷம் கேட்டதுக்கு மன்னிச்சிருங்க.”

“அட, போப்பா” என்றார் தாளக்காரர். “நல்ல காபியா இருந்துச்சு. குடிக்கத்தான் முடியல.”

சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். யாரும் நகரவில்லை. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். “ஒரே ஒரு தடவை, எல்லாரும் சரியாப் போட்டுட்டுப் போயிடலாம்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பேராவூரணி அம்மாவை முன்வரிசைக்கு வரச் சொன்னார்கள். அவர் கணவரையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரும்பி மண்டபத்தைப் பார்த்து, “இந்தத் தடவ ஒருத்தரும் தாவக் கூடாது. நடு விரலுக்கு அடுத்தாப்புல தட்டு. ஞாபகம் இருக்கட்டும்” என்றார். இருநூறு பேர், அதில் எழுபது வயதுக்காரர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள், தலையாட்டினார்கள்.

தவில் தொடங்கியது. தட்டு. சுண்டு விரல். மோதிர விரல். பலர் மூச்சை அடக்கியிருந்தார்கள், உரக்கடைக்காரர் கண்ணையே மூடிவிட்டார். நடு விரல். பழக்க தோஷத்தில் சில முழங்கைகள் துள்ளின, அடங்கின. மண்டபம் ஒன்றாக ஐந்தாவது தட்டில் விழுந்தது.

தாவிய கை ஒன்றுதான். தாளக்காரர் கை. இத்தனை வருஷம் எல்லோரோடும் சேர்ந்து தாவிய கை, நடு விரலிலிருந்து நேராகக் கடைசி வீச்சுக்குப் போய்விட்டது. வாய் சபாஷ் என்று தொடங்கியும் விட்டது.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துத் தன் முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஆறு, ஏழு, எட்டு என்று இன்னொரு கையால் எண்ணினார். சமத்துக்கு விட்டார். அவர் கையும் எல்லோர் கையும் சேர்ந்து விழுந்தன.

“இப்பத்தான் நெசமாத் தப்புனீங்க” என்றார் அவரிடம், உதடு அசையாமல். பிறகு தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, இத எழுதிப்புடாதீங்க.”